கடைசியில் யார் இசை ஒலித்தது

போன வியாழக்கிழமை பெரம்பலூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை நம் பள்ளியில் படித்தவன். உன் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். இப்போதெல்லாம் மணமக்கள் சும்மா நடந்து மேடைக்கு வருவதில்லை. ‘என்ட்ரி’ என்று ஒன்று வைக்கிறார்கள். மண்டபத்து விளக்கையெல்லாம் அணைத்தார்கள். வாசலில் புகை கிளம்பியது. ஏதாவது சினிமாப் பாட்டு வரும் என்று நினைத்துக்கொண்டு, பையில் மொய்க்கவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு கிடார் கம்பி இழுபட்டது. பிறகு ஒன்றுமில்லை. ஒரு மூச்சு நேரம் மண்டபம் முழுக்க அமைதி.

நான் இடது பக்கம் திரும்பிவிட்டேன். “உன் ஆளு புள்ள” என்று சொல்ல வாயெடுத்தும் விட்டேன். இடது பக்க நாற்காலியில் யாரோ ஒரு அம்மாள், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு என்னை விநோதமாகப் பார்த்தார். அதற்குள் முரசு முழங்க ஆரம்பித்துவிட்டது. பட்டு வேட்டியில் மாப்பிள்ளை புகைக்குள்ளிருந்து வந்தான். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

உன்னை முதலில் பார்த்த நாள் உனக்கு நினைவிருக்காது; எனக்கு இருக்கிறது. அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையில் நம் பள்ளி. லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும். வரலாற்றுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வருகிறார், பார்வை கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். நான் கணக்கு டீச்சர், உன்னைவிட ஒன்பது வயது மூத்தவள். உனக்கு ஒத்தாசையாக இருக்கும்படி தலைமையாசிரியர் என்னிடம் சொல்லியிருந்தார். ஒத்தாசை என்றால் கையைப் பிடித்து அழைத்துப் போவது என்று நான் புரிந்துவைத்திருந்தேன். நீ என் கையை மெதுவாக விலக்கி, “கை வேணாங்கக்கா, வாய் குடுங்க போதும்” என்றாய். எதிரே என்ன இருக்கிறது என்று சொன்னால் போதும், மற்றதை நீயே பார்த்துக்கொள்வாய்.

உன் சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. சின்ன வயதில் உன் அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன்னைத் தூக்கிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்ட கதையை நீயே சிரித்துக்கொண்டு சொல்வாய். “எங்கம்மா கண்ணுதான் கேட்டாங்க. மாதாவுக்குச் சரியாக் கேக்கல போல, காத ரெண்டு பங்கா குடுத்துட்டாங்க.”

அரியலூரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தாய். அதில் நீ வாங்கிப் போட்ட முதல் பொருள் டி.வி. வீட்டுக்கார அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை, உனக்கு எதற்கு டி.வி. என்று கேட்டார். “கேக்கறதுக்குத்தாங்க” என்றாய். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் உன்னோடு வந்து, நீ வைக்கும் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணி பஸ்ஸில் பெரம்பலூர் திரும்புவது எனக்குப் பழக்கமாயிற்று. அந்த மதிய நேரத்தில்தான் அந்த அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சியை மறுஒளிபரப்பு செய்வார்கள்.

முதல் நாள் எனக்குச் சகிக்கவில்லை. எண்ணெய் பூசிய தடியர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் போடுவதை ஒரு சரித்திர டீச்சர் இப்படி முகம் மலரக் கேட்பாளா என்று நினைத்தேன். நீ பொறுமையாக எனக்கு விளக்கினாய். சண்டை உனக்கு முக்கியமில்லை. வருகைதான் முக்கியம். ஒவ்வொருவருக்கும் ஒரு இசை. ஆள் தெரிவதற்கு முன்னால் அது வந்துவிடும். அது தொடங்கிய நொடியில் இருபதாயிரம் பேர் எழுந்து கத்துவார்கள், இன்னும் யாரும் யாரையும் பார்க்காமலே.

“சினிமாவுல ஹீரோ வருவான், எல்லாரும் விசிலடிப்பாங்க. நான் பக்கத்துல கேப்பேன், யாரு வந்ததுன்னு. அவங்க சொல்றதுக்குள்ள விசிலே முடிஞ்சிடும். இங்க மட்டுந்தாங்கா அவங்களுக்குத் தெரியறப்பவே எனக்கும் தெரியுது.”

அன்றைக்கு நான் டி.வி. பார்ப்பதை விட்டுவிட்டு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு நமக்குள் ஒரு போட்டி. இசை தொடங்கியதும் யார் முதலில் ஆளைச் சொல்வது? நான் திரையையே பார்த்துக்கொண்டு ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஒரு உதாரணம் சொன்னால் புரியும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நாம் பஸ் முகப்பில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்போம். எப்போதும் போய் வருகிறவர் ஹாரன் சத்தம் கேட்டதுமே எழுந்து பையைத் தூக்கிக்கொள்வார். நீ எழுந்து நிற்கும் ரகம், நான் எழுத்துக் கூட்டும் ரகம்.

ஆட்களுக்கு நீ வைத்த பெயர்களைத்தான் கடைசிவரை நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். கனத்த முரசோடு கடகடவென்று நிலம் அதிர வருகிறவன் ‘டிப்பர்’. நம் பள்ளி வாசலில் தினமும் கேட்கும் சத்தம். உனக்குப் பிரியமானவர் ஒரு வயதானவர். ஒற்றைக் கம்பி, ஒரு மூச்சு அமைதி, அப்புறம்தான் முரசு. அவருக்கு ‘மூச்சுக்காரர்’ என்று பெயர் வைத்தாய். அந்த மௌனத்தில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுகூட உனக்குக் கேட்கும் என்பாய். எனக்கு அது கேட்க நாலைந்து மாதம் ஆயிற்று.

ஆசிரியர் அறையில் அறிவியல் சார் உன்னைச் சீண்டுவார், அதெல்லாம் முன்னாலேயே பேசிவைத்துக்கொண்டு போடும் பொய்ச் சண்டை என்று. நீ கோபப்பட்டதே இல்லை. “சண்ட பொய்யாவே இருக்கட்டும் சார். வர்றது யாருன்னு சொல்றதுல பொய் இல்லல்ல.”

இதை நீ வகுப்பறைக்குள் கொண்டுபோவாய் என்று நான் நினைக்கவில்லை. வருகைப் பதிவின்போது “உள்ளேன் டீச்சர்” என்று நாற்பது குரல் ஒரே மாதிரி சொன்னால் யார் யாரென்று எப்படித் தெரியும்? ஒருவனுக்காக இன்னொருவன் சொல்லிவிடுகிறான். அதனால் மூச்சுக்காரர் பாட்டைப் பற்றியெல்லாம் சொல்லி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டு வைத்தாய். பெஞ்சில் இரண்டு விநாடி தட்ட வேண்டும், அவரவர் தட்டு அவரவருக்குத்தான். தயங்கித் தயங்கித் தட்டும் பெண், விரல் நுனியால் மழைபோலத் தட்டும் பையன். ஒரு நாள் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வராத ஒருவனுக்காக இன்னொருவன் அச்சாக அதே தாளத்தைத் தட்டினான். நீ குரல் மாறாமலே, “தாளம் சரி. அவனுக்குக் கை கனம்டா, உனக்கு இல்ல. உக்காரு” என்றாய். வகுப்பே சிரித்தது, தட்டினவனும் சிரித்தான்.

முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு கலக்காமல், தனித்தனி ஆளாக நடத்திய டீச்சர் உன்னைப்போல் இன்னொருத்தியை நான் பார்க்கவில்லை. இதை உன்னிடம் நேரில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் “என்னக்கா, மீன் கொழம்பு வேணுமா?” என்று கேட்டிருப்பாய்.

அந்தத் தட்டுதான் பிறகு வம்பாயிற்று. ஒன்பதாம் வகுப்பில் நடத்திய அதே பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பிலும் உனக்கே கொடுத்திருந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்து, பரீட்சை வருடத்தில் மேசையைத் தட்டிக் கூத்தடிக்கிறார்கள், கண் தெரியாதவரிடம் பத்தாம் வகுப்பைக் கொடுத்தால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். தலைமையாசிரியர் உன்னைக் கூப்பிட்டு, பாடவேளையை மாற்றியிருப்பதாகச் சொன்னார். நீ சரி சார் என்று வந்துவிட்டாய். அன்றைக்கு மதியம் உன் டிபன் பாக்ஸ் திறக்கப்படவேயில்லை.

அந்த வாரச் சனிக்கிழமைதான் அந்தப் போட்டி. மூச்சுக்காரரும் டிப்பரும். தோற்றவர் அத்தோடு மல்யுத்தத்தை விட்டே விலகிவிட வேண்டும் என்பது பந்தயம். நீ காலையிலிருந்து அதைப் பற்றி மட்டும்தான் பேசினாய். பத்தாம் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

மூச்சுக்காரர் தோற்றார். கீழே விழுந்தவர் எழவில்லை. நடுவர் மூன்று முறை தரையைத் தட்டினார். நீ என் பக்கம் முகத்தைத் திருப்பி, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாய். நான் சொன்னேன்:

“உன் ஆளு ஜெயிச்சுட்டாரு புள்ள.”

“அப்படியாக்கா” என்றாய். கொஞ்சம் சிரித்தாய். எழுந்து போய் டீ போட்டாய். டி.வி.யில் கடகடவென்று ஏதோ இரைந்துகொண்டிருந்தது. அதை நான் காதில் வாங்கவேயில்லை. எப்போதும் முடிவைக் கண்ணால் பார்த்துவிடுவேன். அதற்குப் பிறகு ஒலிப்பதைக் கேட்க வேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை. எதையும் சரிபார்க்காமல் எழுதாதே என்று பிள்ளைகளிடம் முப்பது வருடம் சொன்னவள் நான். அடுத்த வாரம் அவர் வரமாட்டார் என்பதைக்கூட யோசிக்காமல் அந்தப் பொய்யைச் சொன்னேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு ஐந்து மணி பஸ் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை தலைவலி என்றாய். அதற்கடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போக வேண்டும் என்றாய். பள்ளியில் பேசினாய், சிரித்தாய், ஆனால் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாய். முன்பெல்லாம் சேலைக்கும் ரவிக்கைக்கும் நிறம் பொருந்துகிறதா, தலைமையாசிரியர் முகம் எப்படி இருக்கிறது, கடைசி பெஞ்சில் யார் தூங்குகிறார்கள் என்று நாளுக்கு இருபது கேள்வி வரும். இப்போது அவற்றையெல்லாம் ஆயாம்மாவிடம் கேட்டாய். பஸ்ஸில் போகும்போது எனக்கு அழுகை வந்தது. ஏனென்று அப்போதும் புரியவில்லை.

மூன்றாவது வாரம் ஆசிரியர் அறையில் நாம் இருவர் மட்டும் இருந்தபோது நீயே சொன்னாய்.

“ஜெயிச்சவன் பாட்டத்தாங்கா கடைசில போடுவாங்க. நீங்க சொன்னப்பவே டிப்பர் ஓடிக்கிட்டுருந்துச்சு.”

நீ மனம் நொந்திருந்தாய், அதனால் சொன்னேன் என்று ஏதோ முனகினேன்.

“தெரியும். தோத்துட்டாருன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன், அவ்ளோதான். இப்ப நீங்க இத்தன வருசம் சொன்னத எல்லாம் நான் மறுபடியும் கூட்டிப் பாக்க வேண்டியிருக்கு. எது நெசம், எது எனக்காகச் சொன்னது? நீங்க கணக்கு டீச்சர்தான, சொல்லுங்க.”

நீ குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நடுவில் ஒரு வரி தப்பானால் அதற்குக் கீழே இருக்கும் எல்லா வரிகளையும் சந்தேகப்படத்தான் வேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு விழுந்தது. இனிமேல் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன் என்றேன். பார்க்கலாம் என்றாய்.

இரண்டு வாரத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி உன் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்தார். நான் எதிர் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். முடிந்ததும் நீ என்னிடம் வந்து, நெடுநாளைக்குப் பிறகு, எப்படி இருந்தது என்று கேட்டாய். மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். முன் பெஞ்சுகள் நன்றாகக் கவனித்தன. கடைசியில் இரண்டு பேர் தூங்கினார்கள். அதிகாரி பாதி நேரம் போனைப் பார்த்தார், மூன்று முறை கொட்டாவி விட்டார். உன் சேலையில் பின்பக்கம் சாக்பீஸ் தூள்.

நீ நின்று யோசித்தாய். பிறகு சிரிக்க ஆரம்பித்தாய், நிறுத்தவே முடியவில்லை. “மூணு கொட்டாவியா? இதாங்கா வேணும்” என்றாய். அந்த வருடம் பத்தாம் வகுப்பு உனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கிடைத்தது.

அந்தக் கொட்டாவி நாளில்தான் எனக்கும் ஒரு தட்டு கொடுத்தாய். அதுவரை எனக்கு இருந்ததில்லை. அருகில் வந்தாலே மல்லிப்பூ வாசனை வருகிறதே, தட்டு எதற்கு என்பாய். இப்போது வேண்டும் என்றாய். என் குடையின் முனையால் தரையில் இரண்டு தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீயும் மறைக்கவில்லை.

“அவருதான் இனிமே வரமாட்டாரே. அந்த மூச்ச நீங்க வச்சுக்கங்க.”

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து உன் தம்பி போன் செய்தான். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் உன்னைச் சேர்த்திருந்தார்கள். நான் போனபோது அவன் வராந்தாவிலேயே என்னை நிறுத்திவிட்டான். வயிற்றில் இருந்த கட்டி வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது, இனி செய்வதற்கு அதிகமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன்னிடம் சாதாரணப் புண் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“அக்கா யார் சொன்னாலும் நம்ப மாட்டேங்குது டீச்சர். நீங்க சொன்னா நம்பும். சரியாப் போயிடும்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. நான் சொன்னால் நீ நம்புவாய். அதனால்தான் என் கால் நகரவில்லை. உன் அறை வாசலில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு குடையால் தட்டினேன். இரண்டு, ஒரு மூச்சு, ஒன்று.

“வாங்கக்கா” என்றாய் உள்ளேயிருந்து. நான் உட்கார்ந்ததும், “தம்பி என்ன சொல்லச் சொன்னான்?” என்றாய். நான் குடையைக் கட்டிலோரம் சாய்த்து வைத்தேன். உன் கை என் கையைத் தேடி வந்தது. இத்தனை வருடத்தில் நீயாக என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

“சரி, நானே கேக்கறேன். இப்ப யாரு பாட்டுக்கா ஓடுது?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். டாக்டரைக் கேள் என்றிருக்கலாம். ஜன்னல் வழியே பார்த்தேன்; ஒருவர் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“டிப்பர்தான் புள்ள.”

நீ என் பக்கம் முகத்தைத் திருப்பினாய். பிறகு, “சத்தமா ஓடுதா?” என்றாய்.

“சத்தமாத்தான் ஓடுது.”

“அப்ப இங்க நமக்கென்ன வேல? ஊருக்குப் போயிடலாம்” என்றாய்.

உன் தம்பி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஏலாக்குறிச்சியில் நீ இருந்த அந்த மூன்று மாதமும் வாரம் ஒரு நாள் பஸ் மாறி வந்தேன். எனக்கு முன்னால் யாராவது வந்திருப்பார்கள். பழைய பிள்ளைகள், மீசை வைத்துக்கொண்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டும், வாசல் நிலையில் தங்கள் தட்டைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். நீ கட்டிலில் படுத்தபடி பெயர் சொன்னாய். ஒருவனைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. ஒருத்தியிடம் மட்டும், “தட்டறதுல தயக்கம் போயிடுச்சே, நல்லா இருக்கியா?” என்று கேட்டாய். அவள் அழுதுவிட்டாள். வங்கியில் மேலாளராக இருக்கிறாள் அந்தப் பெண்.

எல்லாம் முடிந்து பதினாறாம் நாள் உன் தம்பி என்னை பஸ் ஏற்றிவிட வந்தான். பஸ் வரும்வரை என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், நான் படியில் கால் வைக்கும்போது சொன்னான்: “அக்கா எங்க எல்லாரையும் ஒவ்வொருத்தரா கூப்ட்டு உக்கார வச்சுப் பேசிட்டுதான் போச்சு டீச்சர். நீங்க மாத்திச் சொல்லியிருந்தா பேசியிருக்காது.” கண்டக்டர் விசிலடித்துவிட்டார். அன்றைக்கு உன்னிடம் சொன்னது சரிதானா என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. இப்போதும் சில நாள் வருகிறது. வரும்போது அவன் சொன்னதை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

வரவேற்பில் மேடையேறி வாழ்த்தியபோது மாப்பிள்ளை என் காலைத் தொட்டுவிட்டு, “என்ட்ரி எப்டி இருந்துச்சு டீச்சர்? நம்ம ஹிஸ்டரி டீச்சருக்காகத்தான் அந்தப் பாட்டு” என்றான். போட்டோ எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். மணமேடையில் எல்லோரும் சொல்வதைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம்.

“பாட்டு பிரமாதம்ப்பா. நீதான் அவசரப்பட்டுட்ட. அந்த மூச்சு முடியறதுக்குள்ள ரெண்டு எட்டு எடுத்து வச்சிட்ட.”

அவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு மாலை ஆட, நீ கொட்டாவிக்குச் சிரித்ததுபோல, விடாமல் சிரித்தான். பக்கத்திலிருந்த மணப்பெண் எதற்கென்று கேட்க, “அப்புறம் சொல்றேன், அது பெரிய கத” என்றான். சொல்லியிருப்பான்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். குடையால் வாசற்படியில் இரண்டு தட்டினேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், “கதவு தொறந்துதான் இருக்கு, வா” என்றார். வருடக்கணக்காகக் கேட்கிறவர், முதல் இரண்டு தட்டிலேயே ஆளைச் சொல்லிவிடுவார்.

இருந்தாலும் அந்த ஒரு மூச்சு நின்றேன். பிறகு மூன்றாவதையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.